7-ஏ பிரிவைத் தந்த மாநிலம் கைகட்டி நிற்கலாமா?

“உச்ச நீதிமன்றமே கைவிரித்துவிட்டது. இனி நாடாளுமன்றம்தான் பார்க்க வேண்டும். மாநிலத்தால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை.”

ஒருபாலினத் திருமணம் பற்றிப் பேச்சு வந்தால் திருச்சியில் இந்த மூன்று வாக்கியங்களைத்தான் கேட்கிறேன். எதிர்ப்பவர்கள் நிம்மதியோடு சொல்கிறார்கள். ஆதரிப்பவர்கள் பெருமூச்சோடு சொல்கிறார்கள். வழக்கறிஞர்கள் சொல்கிறார்கள், பேராசிரியர்கள் சொல்கிறார்கள், மாநில உரிமைக்காக மேடைதோறும் குரல் கொடுக்கும் கட்சித் தோழர்களும் சொல்கிறார்கள். கடைசியில் சொன்னவர்கள்மீதுதான் எனக்குக் கோபம் அதிகம். கல்வியிலும் மொழியிலும் வரிப் பங்கிலும் மாநிலத்தின் அதிகாரத்தில் ஓர் அங்குலம்கூட விட்டுத்தர மறுப்பவர்கள், கையில் ஏற்கெனவே இருக்கும் ஓர் அதிகாரத்தை இல்லை என்று சொல்லி மூடிவைக்கிறார்கள்.

முதல் வாக்கியத்தில் பாதி உண்மை இருக்கிறது. மற்ற இரண்டும் தவறு. சொல்பவர்களின் நோக்கத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் தவறான ஒரு சட்டக் கருத்து இத்தனை பேர் வாயில் புழங்கும்போது, சட்டமன்றத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அது வசதியான மறைவிடமாகிவிடுகிறது.

2023 அக்டோபர் 17 அன்று, ஒருபாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் கோரிய சுப்ரியோ வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமையாக அரசமைப்புச் சட்டத்தில் இல்லை என்பதில் ஐவரும் ஒத்துப்போனார்கள். 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்தை நீதிமன்றமே திருத்தி எழுத முடியாது என்றார்கள். திருமணம் என்று இல்லாவிட்டாலும், இருவரின் இணைவை அரசு அங்கீகரித்தே ஆகவேண்டுமா என்ற கேள்வியில் மூன்றுக்கு இரண்டு என்று பிரிந்தார்கள். தலைமை நீதிபதி சந்திரசூடும் நீதிபதி கௌலும் சிறுபான்மையானார்கள். மறுஆய்வு மனுக்கள் 2025 ஜனவரி 9 அன்று தள்ளுபடியாயின. ஊர் நினைவில் வைத்திருப்பது இவ்வளவுதான்.

அதே தீர்ப்பில் ஊர் படிக்காமல் விட்ட பகுதி ஒன்று உண்டு. அரசமைப்புச் சட்டத்தின் 245, 246 ஆகிய உறுப்புகளையும், ஏழாவது அட்டவணையின் மூன்றாம் பட்டியலில் ஐந்தாவதாக உள்ள இனத்தையும் சேர்த்துப் பார்த்தால், இத்தகைய திருமணங்களை அங்கீகரித்துச் சட்டம் இயற்றும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கும் மாநிலச் சட்டமன்றங்களுக்கும் உண்டு என்று தலைமை நீதிபதி எழுதியிருக்கிறார். அவரோடு மாறுபட்ட மூன்று நீதிபதிகளும் இது சட்டமியற்றும் அவைகளின் வேலை என்ற இடத்தில்தான் நின்றார்கள். மூன்றாம் பட்டியல் என்பது பொதுப்பட்டியல். திருமணம், மணவிலக்கு, தத்து, உயில், வாரிசுரிமை, கூட்டுக் குடும்பம், பாகப்பிரிவினை எல்லாம் அந்த ஒரே வரியில் அடங்கியிருக்கின்றன. நீதிமன்றம் தன் கதவைச் சாத்தியது மெய். சாத்தும்போது எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்றும் சொல்லியது. அந்தக் கதவுகளில் ஒன்று சென்னைக் கோட்டையில் இருக்கிறது.

“பொதுப்பட்டியலில் இருந்தாலும், மத்தியச் சட்டத்துக்கு முரணாக மாநிலம் சட்டம் போட முடியாதே” என்று சட்டம் தெரிந்த நண்பர் கேட்பார். 254-ஆவது உறுப்பின் இரண்டாம் உட்பிரிவை அவர் மறந்துவிட்டார். குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்தால், மாநிலத்தின் முரண்பட்ட சட்டமே அந்த மாநிலத்துக்குள் செல்லுபடியாகும். இது ஏட்டில் தூங்கும் விதி கிடையாது. தமிழ்நாட்டில் கல்யாணமான லட்சக்கணக்கானவர்களின் வாழ்க்கை இந்த விதியின்மேல்தான் நிற்கிறது.

அந்தக் கதையைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் திருச்சிக்கும் பங்குண்டு. 1928-இல் அருப்புக்கோட்டைக்கு அருகே சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தது. புரோகிதர் இல்லை, ஓமம் இல்லை, மந்திரம் இல்லை. அதன்பின் ஊர் ஊராகப் பரவியது. பெரியார் திருச்சியில் தங்கியிருந்த காலங்களில் இந்தப் பக்கத்துக் கிராமங்களிலும் எத்தனையோ மணமேடைகளில் நின்று நடத்திவைத்தார். ஆனால் சட்டத்தின் கண்ணில் அந்தத் தம்பதிகள் தம்பதிகளே இல்லை. 1953-இல் தெய்வானை ஆச்சி வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் அதைப் பட்டவர்த்தனமாகச் சொன்னது: சாஸ்திரப்படியும் நடக்கவில்லை, நீண்டகால வழக்கம் என்ற ஆதாரமும் இல்லை, ஆகவே சுயமரியாதைத் திருமணம் செல்லாது. இருபத்தைந்து ஆண்டுகளாகக் குடும்பம் நடத்தியவர்களின் பிள்ளைகளுக்குச் சொத்துரிமை ஆட்டம் கண்டது. 1955-இல் நாடாளுமன்றம் கொண்டுவந்த இந்து திருமணச் சட்டமும் சடங்கையும் வழக்கத்தையும்தான் அளவுகோலாக வைத்தது. நீதிமன்றமும் இல்லை என்றது, நாடாளுமன்றமும் கண்டுகொள்ளவில்லை. இன்று ஒருபாலினத் தம்பதிகள் நிற்கும் அதே இடம்.

1956 மே மாதம் திருச்சியில் கூடிய திராவிட முன்னேற்றக் கழக மாநாடு, தேர்தலில் நிற்பது என்று வாக்கெடுத்து முடிவுசெய்தது. அந்த முடிவின் பலனாகப் பதினோராண்டு கழித்து ஆட்சிக்கு வந்த அண்ணா, முதல் ஆண்டிலேயே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ என்னும் பிரிவைச் சேர்க்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். மத்தியச் சட்டம் போட்டுப் பன்னிரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது. உறவினர், நண்பர் அல்லது வேறு யாரேனும் முன்னிலையில், தமக்குப் புரியும் மொழியில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொன்னாலோ மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ அது முழுமையான திருமணம். 1967 இறுதியில் சட்டமன்றம் நிறைவேற்றியது, 1968 ஜனவரியில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைத்து நடைமுறைக்கு வந்தது. டில்லியில் அப்போது காங்கிரஸ் ஆட்சி. தன்னைத் தோற்கடித்து வந்த கட்சியின் மசோதாவுக்கு அந்த ஆட்சி ஒப்புதல் வாங்கித் தந்தது.

அந்தச் சட்டம் இன்னும் உயிரோடு வளர்கிறது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 7-ஏ திருமணத்துக்குப் பொது அறிவிப்போ பெருங்கூட்டமோ வேண்டாம், வழக்கறிஞர்கள் முன்னிலையிலும் நடக்கலாம் என்றது. வீட்டுக்குப் பயந்து ஓடிவரும் இளைஞர்களுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய கவசம் என்பதைச் சாதி மறுப்புத் திருமணங்களை நடத்திவைப்பவர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

1967 பழைய கதை என்று தள்ளுபவர்களுக்குப் பக்கத்திலேயே இன்னொன்று இருக்கிறது. திருச்சியிலிருந்து சற்றுத் தூரத்தில் சூரியூரில் மாட்டுப் பொங்கல் சமயத்தில் ஜல்லிக்கட்டு நடக்கிறது. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டைத் தடைசெய்தது. “உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, இனி டில்லிதான் பார்க்க வேண்டும்” என்று தமிழ்நாடு அப்போது ஒதுங்கிக்கொண்டதா? 2017 ஜனவரியில் மெரினாவிலும் மதுரையிலும் திருச்சியிலும் இளைஞர்கள் கூடினார்கள். சில நாள்களில் அவசரச் சட்டம் வந்தது, ஜனவரி 23 அன்று சட்டமன்றம் மசோதாவை நிறைவேற்றியது, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் கிடைத்தது. திருத்தப்பட்டது எது? 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடைச் சட்டம் என்னும் மத்தியச் சட்டம். 2023 மே 18 அன்று அரசமைப்பு அமர்வு அந்தத் திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. உச்ச நீதிமன்றம் மறுத்த ஒன்றை, பொதுப்பட்டியலைப் பயன்படுத்தி, மத்தியச் சட்டத்தை மாநிலமே திருத்திப் பெற்ற வெற்றியை நாம் கொண்டாடினோம். காளைக்காக ஒரு வாரத்தில் கண்டுபிடித்த வழியை மனிதர்களுக்காகத் தேடும்போது மட்டும் காணவில்லை என்று சொல்வது நியாயமா?

மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் சம பங்கு என்பதைத் தமிழ்நாடு 1989 மார்ச் முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. நாடாளுமன்றம் அதே இடத்துக்கு வர 2005 ஆனது. இந்துக்களின் இருதார மணத்தைச் சென்னை மாகாணம் 1949-இலேயே தடைசெய்தது. இந்து திருமணச் சட்டம் அதற்கு ஆறு ஆண்டு பிந்தியது. குடும்பச் சட்டத்தில் டில்லி முன்னே போய் நாம் பின்னே போனதாக நம் வரலாறு இல்லை. உத்தராகண்ட் சட்டமன்றம் 2024-இல் பொது சிவில் சட்டத்தை நிறைவேற்றி, அடுத்த மாதமே குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்று, 2025 ஜனவரியில் நடைமுறைப்படுத்தியது. திருமணம், மணவிலக்கு, வாரிசுரிமை, சேர்ந்து வாழ்தல் அனைத்தையும் ஒரு மாநிலம் தனியாகத் திருத்தி எழுதியது. அந்தச் சட்டத்தின் பல பகுதிகளை நான் ஏற்கவில்லை. சேர்ந்து வாழ்பவர்களைப் பதிவுசெய்யக் கட்டாயப்படுத்துவது அத்துமீறல் என்றே நினைக்கிறேன். ஆனால் மாநிலத்துக்கு அதிகாரம் இல்லை என்ற வாதத்தை அது புதைத்துவிட்டது.

“ஒப்புதல் வராது, ஆளுநர் கிடப்பில் போடுவார்” என்பது அடுத்த பதில். இருக்கலாம். இது அரசியல் கணிப்பு, சட்டத் தடை என்று இதைச் சொல்ல முடியாது. நீட் விலக்கு மசோதாவை இதே சட்டமன்றம் 2021 செப்டம்பரில் நிறைவேற்றியது. ஆளுநர் திருப்பி அனுப்பினார். 2022 பிப்ரவரியில் மறுபடி நிறைவேற்றியது. கடைசியில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் தரவில்லை. அதனால் அந்த மசோதாவைக் கொண்டுவந்தது வீண் என்று எந்தக் கட்சியாவது சொல்கிறதா? மறுப்பவர் யார் என்பதை நாட்டுக்குக் காட்டுவதும் சட்டமன்றத்தின் வேலைதான். மறுக்கப்படும் என்று பயந்து கேட்காமலே இருந்தால், மறுத்த பொறுப்பும் நம் தலையில்தான் விழும்.

குடியரசுத் தலைவர்வரை போக வேண்டியதே இல்லாத விஷயங்களும் நிறைய இருக்கின்றன. அதிகம் பேசப்பட வேண்டியவை இவைதான், யாரும் பேசாதவையும் இவைதான்.

ஸ்ரீரங்கத்தில் இரண்டு பெண்கள் இருபது வருடம் சேர்ந்து குடும்பம் நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். வீடு ஒருவர் பெயரில் இருக்கிறது, மதிப்பு 50 லட்சம். அதை மற்றவர் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிவைக்கச் சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போகிறார்கள். அவர்கள் கணவன் மனைவியாக இருந்தால் முத்திரைத்தீர்வை அதிகபட்சம் 40,000 ரூபாய், பதிவுக்கட்டணம் அதிகபட்சம் 10,000 ரூபாய். ஆக 50,000-த்தில் முடிந்துவிடும். பதிவுத்துறையின் கணக்கில் இவர்கள் ‘குடும்ப உறுப்பினர்’ இல்லை. ஆகவே ஏழு சதவீதம் முத்திரைத்தீர்வை, இரண்டு சதவீதம் பதிவுக்கட்டணம்: நாலரை லட்சம் ரூபாய். ஒன்பது மடங்கு. இந்த வித்தியாசத்தை டில்லி விதிக்கவில்லை. தமிழ்நாடு அரசின் பதிவுத்துறை விதிக்கிறது. குடும்பம் என்றால் யார் என்று முத்திரைத்தீர்வைக்காக வரையறுக்கும் அந்த ஒரு பத்தியைத் திருத்த டில்லியின் அனுமதி தேவையில்லை.

வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் எழுதிவைக்காமலே இறந்துவிட்டால் நிலைமை இன்னும் மோசம். இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மற்றவருக்கு இடமே இல்லை. வாரிசுச் சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனால், இருபது வருடமாக எட்டிப் பார்க்காத அண்ணன் மகன் பெயர் அதில் இருக்கும், மருந்து எடுத்துக் கொடுத்தவர் பெயர் இருக்காது. உயில் எழுதலாமே என்பார்கள். எழுதலாம்தான். எழுதிய உயிலை எதிர்த்து ரத்த உறவுகள் வழக்குப் போட்டால், உயிலால் பயன்பெறுபவர் ‘அந்நியர்’ என்பதையே சந்தேகத்துக்குக் காரணமாக வாதிடுவார்கள். மனைவிக்கு உயில் எழுதினால் அந்தக் கேள்வி எழுவதில்லை.

புத்தூர் அரசு மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட “சொந்தக்காரங்க யாரு?” என்று கேட்கும்போது யார் முன்னே வரலாம் என்பது மாநிலச் சுகாதாரத் துறையின் சுற்றறிக்கையில் தீரக்கூடிய காரியம். முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பம் என்பது யார், மாநில அரசு ஊழியரின் குடும்ப ஓய்வூதியம் யாருக்கு, எல்லாமே மாநிலத்தின் பேனாவில் இருக்கின்றன. 2024-இல் ஒன்றிய அரசே ரேஷன் அட்டையில் இத்தகைய இணையரை ஒரே குடும்பமாகக் கருதலாம் என்றும், வங்கியில் கூட்டுக் கணக்குத் தொடங்கத் தடையில்லை என்றும், நெருங்கிய உறவினர் இல்லாதபோது இறந்தவரின் உடலைத் துணைவர் பெற்றுக்கொள்ளலாம் என்றும் கடிதங்கள் அனுப்பியது. 2023-இல் இதே கோரிக்கையை “நகர்ப்புற மேல்தட்டு”ப் பார்வை என்று நீதிமன்றத்தில் எழுதிக்கொடுத்த அரசு அது. அந்த அரசு நகர்ந்த தூரம்கூட, முற்போக்கு என்று மார்தட்டும் மாநிலங்கள் நகரவில்லை.

மேல்தட்டு என்ற சொல்லுக்கு இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். 2021 ஜூன் 7 அன்று நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்புச் சொன்ன வழக்கு, மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு இளம்பெண்களுடையது. பெற்றோர் காணவில்லை என்று புகார் கொடுக்க, போலீஸ் விசாரணை அவர்களைத் துரத்தியது. அந்த நீதிபதி தனக்கு இந்த விஷயம் போதுமான அளவு தெரியாது என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியல் நிபுணரிடம் அமர்ந்து கற்றுக்கொண்டு தீர்ப்பு எழுதினார். அதன் விளைவாக, இயல்பை ‘மாற்றுகிறேன்’ என்று சொல்லும் சிகிச்சை தடையானது, காவலர் நடத்தை விதிகளில் 2022-இல் திருத்தம் வந்தது. 2025 மே மாதம் வந்த வழக்கு வேலூர்ப் பக்கம். ஒரு பெண்ணை வீட்டார் அடைத்துவைத்து, அடித்து, அவளை ‘சரியாக்க’ச் சடங்குகளும் செய்ததாக அவளே நீதிபதிகளிடம் சொன்னாள். துணைவி போட்ட ஆட்கொணர்வு மனுவால்தான் அவள் வெளியே வந்தாள். திருநங்கையை மணந்த ஓர் இளைஞரின் திருமணத்தைப் பதிவாளர் பதிவுசெய்ய மறுத்தது தூத்துக்குடியில். மதுரை, வேலூர், தூத்துக்குடி. இவர்கள் யாரும் மேல்தட்டிலிருந்து வரவில்லை.

தூத்துக்குடி வழக்கை விசாரித்தது மதுரைக் கிளை. திருச்சி மாவட்டமும் அதன் எல்லைக்குள்தான் வருகிறது. 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்து திருமணச் சட்டத்தில் மணமகள் என்பது திருநங்கையையும் குறிக்கும் என்று தீர்ப்பளித்துப் பதிவுசெய்ய உத்தரவிட்டார். நாலரை ஆண்டு கழித்து சுப்ரியோ தீர்ப்பில் உச்ச நீதிமன்றமும் திருநர் விஷயத்தில் அதே இடத்துக்கு வந்தது. 2025-இல் வேலூர்ப் பெண்ணின் வழக்கில் அதே நீதிபதி, நீதிபதி லட்சுமிநாராயணனோடு சேர்ந்து, குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றே வழி இல்லை, தேர்ந்தெடுத்த குடும்பம் என்பதும் சட்டம் அறிந்த ஒன்றே என்று எழுதினார். 2023 நவம்பரில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இணைந்து வாழும் இருவர் தங்கள் உறவை ஆவணமாகப் பதிவுசெய்யும் ‘குடும்ப இணைவு ஆவணம்’ பற்றி மாநில அரசு பரிசீலிக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார். நம் உயர் நீதிமன்றம் வழியைச் செப்பனிட்டுக்கொண்டே வந்திருக்கிறது. சட்டமன்றம் அந்த வழியில் கால்வைக்கவில்லை. 2023-இல் ஒன்றிய அரசு மாநிலங்களின் கருத்தைக் கேட்டபோது ஏழு மாநிலங்கள் பதில் அனுப்பின. ஆந்திரா, அசாம், ராஜஸ்தான் மூன்றும் எதிர்த்தன. மற்ற நான்கும் அவகாசம் கேட்டன. எதிர்த்தோ ஆதரித்தோ பதில் சொன்ன பட்டியலில் தமிழ்நாடு இல்லை. 1967-இல் கேட்காமலே பதில் சொன்ன மாநிலம், கேட்டும் வாய் திறக்கவில்லை.

குடும்ப இணைவு ஆவணம் போதுமா என்று கேட்டால், போதாது. ஆவணம் இருவருக்குள் ஓர் ஒப்பந்தம். மூன்றாமவரை அது கட்டுப்படுத்தாது. வாரிசுரிமை தராது, தத்தெடுக்க உதவாது. பொன்மலைப் பணிமனையில் வேலைசெய்து ஓய்வுபெற்றவர் இறந்தால், ரயில்வே அவருடைய துணைவருக்கு ஓய்வூதியம் தர அந்தத் தாள் உதவாது. திருமணமே ஆனால் நிலைமை வேறு. 7-ஏ திருமணம் செய்தவர்களை இந்து திருமணச் சட்டப்படி மணந்தவர்களாகவே ரயில்வேயும் பெல் நிறுவனமும் வங்கியும் ஏற்கின்றன. ஒன்றிய அரசின் விதிகளில் கணவன், மனைவி என்று இருப்பதை வைத்து மறுப்பார்கள், வழக்காட வேண்டியிருக்கும். ஆனாலும் கையில் திருமணச் சான்றோடு வழக்காடுவதற்கும் வெறுங்கையோடு வழக்காடுவதற்கும் உள்ள தூரம் பெரிது. அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலம் 2000-இல் சிவில் இணைவு என்று தொடங்கி, அங்கேயே நின்றுவிடாமல் 2009-இல் சட்டமன்றத்தின் வழியாகவே திருமணத்துக்கு வந்தது. இணைவு ஆவணத்தை முதல் படியாக ஏற்கலாம். அதையே மொட்டைமாடி என்று காட்டினால் ஏற்க முடியாது.

இனி பண்பாட்டு வாதம். “ஸ்ரீரங்கம் மாதிரி ஊரில் இருந்துகொண்டா இப்படிப் பேசுவது?” என்று கேட்பவர்கள் உண்டு. ஸ்ரீரங்கத்தில் இருந்துகொண்டுதான் பேச வேண்டும். இங்கே ஆதரவாளர்கள் செய்யும் ஒரு காரியத்தை நான் செய்யப்போவதில்லை. பகல் பத்தின் கடைசி நாளில் நம்பெருமாள் பெண் வடிவமான நாச்சியார் திருக்கோலத்தில் எழுந்தருள்வதைக் காட்டி, பார்த்தீர்களா நம் மரபிலேயே இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். தூத்துக்குடித் தீர்ப்பில் நீதிபதி அரவான் கதையை நினைவுகூர்ந்தார். எனக்கு அந்தச் சாட்சி தேவைப்படவில்லை. பக்தர்கள் கண்ணீர் மல்க நிற்கும் ஒரு கோலத்தைச் சட்ட வாதத்துக்கு ஆவணமாக இழுப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. ஒருவருடைய உரிமை புராணத்தில் முன்னுதாரணம் இருக்கிறதா என்பதைப் பொறுத்ததும் இல்லை.

நான் சொல்வது வேறு. பங்குனியில் நம்பெருமாள் உறையூர் போய்க் கமலவல்லி நாச்சியாரோடு சேர்த்தி காண்கிறார். திரும்பி வந்தால் ரங்கநாயகித் தாயார் கதவைச் சாத்துகிறார். மட்டையடி நடக்கிறது. நம்மாழ்வார் நடுவில் நின்று சமாதானம் செய்கிறார். பிறகு உத்திரத்தன்று தாயாரோடு சேர்த்தி. கோயிலுக்குள் துலுக்க நாச்சியாருக்கும் சந்நிதி இருக்கிறது, ரொட்டி அமுது செய்விக்கிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட நாச்சியார்களோடு வாழும் பெருமாளை ஊரே ஆண்டுதோறும் கொண்டாடுகிறது. அதே ஊரில் 1949 முதல் இந்துக்கள் இரண்டாவது மனைவி கட்டுவது சட்டவிரோதம். எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த இரண்டும் ஒரே வீதியில் ஒன்றையொன்று இடிக்காமல் நடக்கின்றன. சேர்த்தி நின்றுவிடவில்லை, சட்டமும் பின்வாங்கவில்லை. வழிபாட்டின் முறை வேறு, குடிமக்களின் திருமணச் சட்டம் வேறு என்பதை ஸ்ரீரங்கம் அளவுக்கு நடைமுறையில் கண்ட ஊர் குறைவு. ஒருபாலினத் திருமணச் சட்டம் எந்த அர்ச்சகரையும் மந்திரம் சொல்லச் சொல்லாது, எந்தக் கோயிலையும் மண்டபமாக்காது. 7-ஏ பிரிவு வந்த பிறகு எந்தப் புரோகிதரின் வேலையையும் அது பறிக்கவில்லை. சுபமுகூர்த்த நாளில் வீதிதோறும் கேட்கும் நாகசுரமே அதற்குச் சான்று.

ராஜகோபுரத்துக்கு எதிரே 2006 முதல் பெரியார் சிலை நிற்கிறது. நிறுவும்போது அதைச் சேதப்படுத்தினார்கள், ஊர் கொதித்தது. இன்று கோயிலுக்குப் போகிறவர்கள் அதைக் கடந்துதான் போகிறார்கள், யாருடைய பக்தியும் குறையவில்லை. ஒத்துக்கொள்ளாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வாழ முடியும் என்பதற்கு இந்த ஊர் வேறு அத்தாட்சி தரத் தேவையில்லை.

சமூகம் இன்னும் தயாராகவில்லை என்பதைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 1967-இல் தயாராக இருந்ததா? 1989-இல் மகளுக்குப் பங்கு கொடுக்க அண்ணன் தம்பிகள் தயாராக இருந்தார்களா? இன்றும் சாதி மாறிய திருமணத்துக்கு வீட்டில் எத்தனை பேர் தயார்? அப்படித் தயாராக இல்லாதவர்களின் கையிலிருந்து பிள்ளைகளைக் காப்பாற்றத்தான் சட்டம் வேண்டியிருக்கிறது. குழந்தை பிறக்காதே என்கிறார்கள். அறுபது வயதில் மறுமணம் செய்பவரிடம் எந்தப் பதிவாளரும் அதைக் கேட்பதில்லை.

யார் தொடங்குவது என்ற கேள்விக்கும் இந்த ஊரிலேயே விடை இருக்கிறது. திருநர் உரிமைக்கான தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தவர் திருச்சி சிவா. 2015 ஏப்ரல் 24 அன்று அவை அதை நிறைவேற்றியது. ஒரு தனிநபர் மசோதாவை நாடாளுமன்றத்தின் ஓர் அவை நிறைவேற்றி அப்போது பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. மக்களவை அதைச் சட்டமாக்கவில்லை. ஆனால் அரசு தன் சொந்த மசோதாவை எழுத வேண்டிய கட்டாயத்தை அது உண்டாக்கியது, 2019-இல் ஒரு சட்டம் வந்தது. குறைகள் நிறைந்த சட்டம்தான், ஆனாலும் சட்டம். எதிர்க்கட்சி வரிசையில் தனியாக எழுந்து நின்ற ஒருவரால் அவ்வளவு ஆனது. தமிழ்நாடு சட்டமன்ற விதிகளிலும் உறுப்பினர்களின் தனி மசோதாவுக்கு இடம் இருக்கிறது. ஸ்ரீரங்கம், திருச்சி கிழக்கு, மேற்கு, திருவெறும்பூர் என்று இங்கிருந்து போகிறவர்களில் ஒருவர் எழுந்தால் போதும்.

மசோதாவில் என்ன இருக்க வேண்டும் என்பதும் கடினமில்லை. 7-ஏ பிரிவின் நடைமுறையை அப்படியே வைத்துக்கொண்டு, பதினெட்டு வயது நிறைந்த இருவர் எந்தப் பாலினத்தவராயினும் ஒருவரையொருவர் வாழ்க்கைத்துணையாக ஏற்கலாம் என்று விரிக்க வேண்டும். 2009-ஆம் ஆண்டின் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டத்தில் அதற்கேற்பப் படிவங்களை மாற்ற வேண்டும். இந்து அல்லாதவர்கள் விடுபடக்கூடாது என்பதால், மதம் சாராத தனிச் சட்டமாகவும் ஒன்று கூடவே வர வேண்டும். வீட்டாரால் ஆபத்து என்று சொல்லும் இருவரின் முகவரியை நோட்டீஸ் பலகையில் முப்பது நாள் ஒட்டிவைக்கும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் வழக்கம் இதில் இருக்கக்கூடாது. அண்ணாவின் சட்டம் அதற்கு முன் நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் நடந்த நாளிலிருந்தே செல்லும் என்று ஏற்றது. அந்த உட்பிரிவும் இதில் கட்டாயம் வேண்டும். சட்டம் வருமென்று காத்திராமல் இருபது, முப்பது வருடம் குடும்பம் நடத்தி முடித்தவர்கள் இந்த மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் முந்திப் போய்விட்டால், மற்றவருக்கு அந்த வீடு அன்றிலிருந்தே சொந்தமாக இருக்க வேண்டும்.